செம்முகப் பாறு தேடிப் போனது

என் தொழில் சாவு வீட்டில் படம் எடுப்பது. வெளியூர்க்காரர்கள் கேட்டால், பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன் என்பேன். ஊர்க்காரர்களிடம் அந்தப் பூச்சு வேலை செல்லாது. எங்கள் சபை மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரைப் பெட்டியில் வைத்த பிறகு, அடக்க ஆராதனை தொடங்குவதற்கு முன்னால், குடும்பம் மொத்தமும் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் இருக்கும் மகன் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பதே பாதி அந்தப் படத்துக்காகத்தான். பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது அந்த ஒரு படத்தில்தான் நடக்கும். பெரிதாக்கி, சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். பிறகு அது பீரோவுக்குள் போய்விடும். சுவரில் யாரும் மாட்டுவதில்லை. ஆனால் எடுக்காமல் விட்டால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

கல்யாணத்துக்கு என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் கேமராவைத் தூக்கினாலே உயிரோடு இருப்பவர்கள் ஒரு எட்டுப் பின்னால் போவார்கள். எங்கள் தெருமுனையில் சவப்பெட்டிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கும் இதே கதிதான். ஆகவே நாங்கள் இருவரும் சேர்ந்து டீ குடிப்போம்.

என் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயத்தில் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதுவரை நான் அழவில்லை. அடக்கிக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வரவில்லை, அவ்வளவுதான். சாப்பிட்டேன், தூங்கினேன், சவரம் செய்துகொண்டேன், கூப்பிட்ட வீடுகளுக்கு வேலைக்குப் போனேன். எங்கள் போதகர் ஞாபகார்த்தக் கூட்டத்தில் என்னைக் காட்டி, இந்த அண்ணனுடைய விசுவாசத்தைப் பாருங்கள் என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அது விசுவாசம் இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி, கிள்ளினால் கிள்ளுவது தெரிந்தது, வலி தெரியவில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுவிட்டு, அதே குரலில், “அழுதீங்களாப்பா?” என்பாள். இல்லை என்பேன். “உள்ளுக்குள்ளயே வச்சிருந்தா உடம்புக்கு ஆகாதுப்பா” என்பாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? எனக்கும் பயமாகத்தான் இருந்தது, உடம்பை நினைத்து அல்ல. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வராதவன், அவள்மேல் அப்படி என்னதான் வைத்திருந்தான் என்று ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. கேள்வி உட்கார்ந்ததே தவிர அதுவும் வலிக்கவில்லை.

என் மனைவி உயிரியல் ஆசிரியை. எனக்கு எப்படிக் கழுத்தை நீட்டினாள் என்று அவள் அண்ணன்மார் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். பறவைகளைப் பற்றிய பாடத்தில் பாறு கழுகு வரும். செத்ததைத் தின்று ஊரைச் சுத்தமாக வைக்கும் பறவை என்று வருஷா வருஷம் நடத்திவந்தாள். ஓய்வு பெறும் வருஷத்தில் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது மேலப்பாளையம் மாட்டுச் சந்தைப் பக்கம் அவள் அப்பாவோடு போனதாகவும், வெட்டவெளியில் கூட்டமாகப் பெரிய பறவைகள் உட்கார்ந்திருந்ததாகவும் அவளுக்கு ஞாபகம். வீட்டுக்கு வந்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது. “அது பாறா, பருந்தான்னு இப்ப எனக்கே தெரியல. தெரியாமலே இத்தனை வருஷம் சொல்லிக்குடுத்திருக்கேன்.” அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

நேரில் ஒன்றைப் பார்த்தே தீர வேண்டும் என்றாள். முதலில் நம் பக்கத்திலேயே தேடினோம். அம்பாசமுத்திரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து பாபநாசத்துக்கு ஒரு பஸ். ஆற்றங்கரையில் நின்று காலையிலிருந்து மலையையும் வானத்தையும் பார்த்தோம். செம்பருந்து வந்தது, கரும்பருந்து வந்தது, குரங்கு வந்து எங்கள் வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனது. பாறு வரவில்லை. டீக்கடைக்காரர், “அதெல்லாம் எந்தக் காலத்திலயோ போச்சும்மா” என்றார். மாட்டுக்கு வலி தெரியாமல் இருக்கப் போட்ட ஊசி மருந்து, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பறவையைக் கொன்றுவிட்டது என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு விளக்கினாள். நான் பாதி தூங்கினேன். அதையும் கண்டுபிடித்து, முழங்கையால் இடித்து, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

நீலகிரிக் காடுகளில் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. ஆனால் அவளுடைய முழங்கால் மேடு ஏறாது. ஆகவே மிருகக்காட்சி சாலைகள் என்று முடிவு செய்தாள். கூண்டில் இருந்தால் என்ன, பறவை பறவைதானே என்றாள். நம் நாட்டில் உள்ள பாறு வகைகளில் எதெது எந்த ஊர்க் கூண்டில் இருக்கிறது என்று விசாரித்து, ஒவ்வொன்றையும் நேரில் பார்க்க வேண்டும், நான் படம் எடுக்க வேண்டும். நான் கிளம்புவதைக் கேள்விப்பட்ட சவப்பெட்டி அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “என்ன வே, கழுகு பாக்கப் போறீராமே. சொந்தக்காரங்களப் பாத்து வெகுநாளாச்சோ?” என்றார். பதிலுக்கு, நீரும் விசாரிச்சதாச் சொல்லுதேன் என்றேன்.

சாவு வீட்டுக்காரர்கள் எந்த நேரத்தில் கூப்பிடுவார்கள் என்று தெரியாது என்பதால் நாங்கள் அதுவரை ராத்தங்கும்படி எங்கும் போனதே இல்லை. தச்சநல்லூரில் இன்னொரு படக்காரர் இருந்தார். என்னைக் கூப்பிடுகிறவர்களை அவரிடம் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். சென்னை, மைசூர், இன்னும் வடக்கே சில ஊர்கள். தண்ணீர் பாட்டிலை உள்ளே எறிந்துவிடாமல் இருக்க வாசலில் அதற்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எலுமிச்சைச் சாதத்தை மோந்து பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். எல்லாரும் புலியைப் பார்க்க ஓடும்போது நாங்கள் ஆளில்லாத மூலையைத் தேடி நடப்போம். பாறு கழுகின் கூண்டு எப்போதும் ஆளில்லாத மூலையில்தான் இருக்கும். ஒரு நிமிஷம் நின்று, “சீ, கழுகு” என்று சொல்லிவிட்டுக் குடும்பங்கள் நகர்ந்துவிடும். அவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை நிற்பாள். வெண்முதுகுப் பாறு தன் காலிலேயே எச்சமிட்டுக்கொள்வதைப் பார்த்து, அது அசிங்கம் இல்லை, வெயிலுக்குக் காலைக் குளிரவைத்துக்கொள்கிறது என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணுக்குப் பாடம் எடுத்தாள். அந்தப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

படம் எடுப்பது எனக்கு வரும் என்று நினைத்தேன். கம்பிவலையில் லென்ஸை ஒட்டி வைத்து எடுத்தால் வலை மறைந்துவிடும், அது சுலபமாகப் பிடிபட்டது. பறவைதான் பிடிபடவில்லை. நான் பழகிய வேலையில் எதிரே இருப்பவர் அசைய மாட்டார். சுற்றி நிற்பவர்களைத்தான் அடக்க வேண்டும். அதனால் பறவை அசையாமல் உட்காரும்வரை காத்திருந்து, நேர் எதிரே நின்று, கொஞ்சம் உயரத்திலிருந்து எடுத்தேன். உயரத்துக்கு ஒரு ஸ்டூல் கிடைக்குமா என்று முதல் ஊரிலேயே காவலாளியிடம் கேட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியபோது ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது சாகல. உக்காந்திருக்கு” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வெளிச்சம், அளவு எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றேன். “எல்லாம் சரியாத்தான் இருக்கு. பூ மட்டும் வைக்கலை. கொஞ்சம் அசையட்டுமே, அசைஞ்சா குடியா முழுகிப்போகுது?”

அதற்குப் பிறகு அவள் சொன்னபோது அழுத்தினேன். அவள் என் தோளில் கையை வைத்திருப்பாள். பறவை இறக்கையை விரிக்கப்போகிறது என்றால் அவளுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரியும், தோளை இறுக்குவாள். அப்படி எடுத்த படங்கள் எல்லாம் கொஞ்சம் கோணல், கொஞ்சம் கலங்கல். உயிரோடு இருந்தன. என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படங்கள் அவைதான்.

கேரளத்தில், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மிருகக்காட்சி சாலையில் செம்முகப் பாறு ஒன்று இருப்பதாகத் தெரிந்து செங்கோட்டை வழியாகப் போனோம். தலையும் கழுத்தும் சிவப்புத் தோலாக, உடம்பு கறுப்பாக இருக்கும் அரிய வகை. போன அன்றைக்குக் கூண்டில் பறவை இல்லை, பெயர்ப்பலகை மட்டும் இருந்தது. காலில் புண், பின்னால் தனியாக வைத்து மருந்து போடுகிறோம் என்றார் அதைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். எங்கள் வயதை ஒட்டியவர், மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். “கண்ணு வெள்ளையா, கறுப்பா?” என்று கேட்டாள் இவள். அவர் யோசித்துவிட்டு, வெள்ளை என்றார். “அப்போ ஆண்” என்றாள். இத்தனை வருஷம் தீனி போட்டும் எனக்கு அது தெரியாதே டீச்சரே என்று அவர் சிரித்தார். அது எப்படிச் சாப்பிடும், யாரைக் கண்டால் தலையை இறக்கும் என்று அவர் சொல்ல, இவள் கேட்க, நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, கூண்டுக்கு வந்ததும் கூப்பிடுகிறேன் என்றார்.

அவர் சொன்னபடி கூப்பிட்டார். அதற்குள் இவள் படுத்துவிட்டாள். என்ன நோய் என்பதை எழுதப்போவதில்லை, எழுதி ஆவது ஒன்றும் இல்லை. “நீங்க போய் எடுத்துட்டு வாங்க, நான் பாக்கேன்” என்றாள். உன்னை இப்படி விட்டுவிட்டு எங்கே போவது என்று நான் போகவில்லை. அதற்காக அவள் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வேறு ஒன்று சொன்னாள். தன்னுடைய படத்தை நான்தான் எடுக்க வேண்டுமாம். தச்சநல்லூர்க்காரர் எடுத்தால் எல்லாரையும் மாவு பூசினது மாதிரி வெளிற வைத்துவிடுவார், பெட்டிக்குள் இருப்பவள் யார், சுற்றி நிற்பவர்கள் யார் என்று வித்தியாசமே தெரியாது என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். நான் சரி என்றேன்.

மழைக்காலத்தில், ஒரு மத்தியானம், நான் அவள் வாயில் பஞ்சால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது போனாள். கஷ்டப்பட்டதாகத் தெரியவில்லை. பஞ்சைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

மறுநாள் பெட்டியில் வைத்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மழை மேகம், வெளிச்சம் குறைவு, கேமராவில் அதற்குத் தக்கபடி மாற்றினேன். மூத்த மச்சானை இடப்பக்கம் நகரச் சொன்னேன். மைனி, அவர் மனைவி, பிடித்திருந்த குடை கறுப்பாகத் தெரிந்தது, மடக்கச் சொன்னேன். மகள் மிகவும் அழுதுகொண்டிருந்தாள், ஒரு நிமிஷம் பொறுத்துக்கோம்மா என்றேன். பெட்டியின் தலைமாட்டில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. எல்லாரும் ஏனோ அந்த இடத்தை விட்டு ஒதுங்கி நின்றார்கள். படத்தில் ஓட்டை மாதிரித் தெரியும். “அங்கன இடைவெளி விடாதீங்க, நெருங்கி நில்லுங்க” என்றேன். யாரும் நகரவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் அதட்டலாகச் சொன்னேன். மச்சான் என்னையே பார்த்தபடி பைய ஓர் அடி நகர்ந்து அதை அடைத்தார். எடுத்தேன். நன்றாக வந்தது.

படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த பிறகு, மகள்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “தலைமாட்டுல உங்களுக்காகத்தான் இடம் விட்டிருந்தோம்” என்றாள். தலைமாட்டில் புருஷன் நிற்பதுதான் வழக்கம். எத்தனையோ வீடுகளில் புருஷன்மாரை நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை. மகள் படத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்துதான் போனில், அழுதீங்களா என்ற அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள்.

அண்ணாச்சி ஒருநாள் டீக்கடையில், “ஏதாவது சண்டையாவது போடும் வே, சும்மா கல்லு மாதிரி உக்காந்திருக்கீரு” என்றார். யாரோடு போட என்றேன். “என்னோட போடும்” என்றார். இருவரும் கொஞ்சநேரம் யோசித்தோம். சண்டைக்கு விஷயம் ஒன்றும் கிடைக்கவில்லை.

செம்முகப் பாறு தேடி நான் மறுபடி கிளம்பினது ஆசையால் இல்லை. மகள் சொன்னதால். “அம்மா கேட்டாங்கல்ல, அதையாவது எடுத்துட்டு வாங்க. அங்க போனாலாவது...” என்று நிறுத்திக்கொண்டாள். அங்கே போனாலாவது அழுகை வரும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேமராவை எடுத்துக்கொண்டு செங்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். ஊழியருக்குப் போன் செய்யவில்லை. செய்தால் டீச்சரும் வருகிறார்களா என்று கேட்பார். மலைமேல் ரப்பர்த் தோட்டங்களில் மழை பெய்துகொண்டிருந்தது. பக்கத்து சீட் காலியாக இருந்தது, அதில் பையை வைத்தேன்.

கூண்டில் பறவை இல்லை. பலகை இருந்தது. கூண்டின் தரையை யாரோ அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏமாற்றம்கூட வரவில்லை. இதுவும் இல்லையா, சரி, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் மனம் போயிற்று.

பின்பக்கக் கதவிலிருந்து அந்த ஊழியர் வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டதும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். “சாரே, இன்னிக்கு வெளுப்பாங்காலத்துல, விடியுற நேரத்துலதான் போச்சு” என்றார். கண் சிவந்திருந்தது. டாக்டர் வந்துகொண்டிருக்கிறார், அறுத்துப் பார்த்துவிட்டு எரித்துவிடுவார்கள், அதுதான் விதி என்றார். பிறகு என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார். “சார் படம் எடுக்குற ஆளில்லே? டீச்சர் சொல்லிச்சு. சாவு வீட்டுல எடுக்குற ஆளுன்னு. எனக்கு இதோட ஒண்ணு எடுத்துத் தரணும்.” இவள் அதைக்கூட அவரிடம் சொல்லியிருக்கிறாள். அத்தனை நேரம் பேசியதில் பறவை மட்டும் இல்லை, நானும் இருந்திருக்கிறேன்.

பின்னால் தீனி வெட்டும் அறை. சிமெண்டுத் திட்டில் சாக்கு விரித்துக் கிடத்தியிருந்தார்கள். நான் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. தலையின் சிவப்பு மங்கிப் பழைய செங்கல் நிறமாகியிருந்தது. இறக்கையில் ஒன்று சரிந்து தொங்கியது. டாக்டரும் வந்துசேர்ந்தார், சின்ன வயதுப் பெண், ரெயின்கோட்டைக்கூடக் கழற்றாமல் தன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, உங்கள் படம் ஆகட்டும், நான் காத்திருக்கிறேன் என்று ஒதுங்கி நின்றார்.

மற்றதெல்லாம் என் கை தானாகச் செய்தது. சாக்கு வேண்டாம், வெள்ளைத் துணி இருக்கிறதா என்று கேட்டேன். யாரோ ஒரு வேட்டியைக் கொண்டுவந்தார்கள். தொங்கிய இறக்கையைப் பைய மடக்கி வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி திட்டுக்கு எதிர்ப்பக்கம் போனேன். “இதுக்கு மூத்தவங்க யாரு? தலைமாட்டுக்கு வாங்க” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஒரு பறவைக்கு மூத்தவர் யார்? ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஊழியர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலைமுடியைத் தண்ணீர் தொட்டு ஒதுக்கி, தலைமாட்டுக்கு வந்து நின்றார். எடுத்தேன்.

முடிந்தது என்று கேமராவை இறக்கினேன். அவர் நகரவில்லை. “சாரும் வரணும்” என்றார். எடுக்கிறவன் நிற்கிற வழக்கம் இல்லை என்றேன். “அப்படிச் சொல்லக்கூடாது சாரே. இத்தனை வருஷத்துல இதைப் பாக்கன்னு ஊரு விட்டு ஊரு வந்தது நீங்க ரெண்டு பேருதான். டாக்டரம்மா எடுக்கும், நீங்க வாங்க.” டாக்டர் அம்மா வந்து என் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி வாங்கிக்கொண்டார். நான் போய் ஊழியர் பக்கத்தில் நின்றேன். “டீச்சர் வரல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார். இந்தத் தடவை வரல என்றேன்.

டாக்டருக்கு என் கேமரா புதிது. எதையோ திருகினார், எதையோ அழுத்தினார், வெளிச்சம் வரவில்லையே என்றார். சொல்லிக்கொடுக்கலாம் என்று வாயெடுத்தேன், இருங்க சார், கண்டுபிடிச்சிருவேன் என்றார். ஆகவே நான் சும்மா நின்றேன். பார்ப்பதற்குக் கண்ணாடித் துவாரம் இல்லை. திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. யாரையும் நகரச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாவின் பக்கத்தில் செய்வதற்கு வேலை எதுவும் இல்லாமல் நான் நின்றது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தத் துணியின் ஓரத்தில் வைத்தேன். துணி ஈரமாக, குளிர்ந்து கிடந்தது. அவள் நெற்றியை நான் தொடவில்லை என்பது அப்போது ஞாபகம் வந்தது. எல்லாரும் தொட்டார்கள், முத்தமிட்டார்கள். நான் ஸ்டூலில் நின்றுகொண்டிருந்தேன்.

அழுதேன். கண்ணில் நீர் வந்தது என்று சொல்லும்படியான அழுகை இல்லை அது. வயிற்றிலிருந்து, வாய் கோணி, சத்தமாக, சாவு வீடுகளில் மற்றவர்களிடம் நான் கேட்டிருக்கிற மாதிரி வந்தது. திட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கேமராவை இறக்கிவிட்டார். அவர்கள் எல்லாரும் நான் பறவைக்காக அழுவதாகத்தான் நினைத்தார்கள். எங்கிருந்தோ வந்த ஒரு கிழவன் தங்கள் பறவைக்காக இப்படி அழுகிறானே என்று வேட்டி கொண்டுவந்தவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊழியர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். “விஷமிக்கண்டா சாரே, வருத்தப்படாதீங்க. அதுக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்லாமத்தான் போச்சு. வயசாச்சு. கடைசியா நான் கையால தண்ணி குடுத்தேன், குடிச்சுது. பக்கத்துலயேதான் இருந்தேன்.”

“நானும் பக்கத்துலதான் இருந்தேன். நானும் தண்ணி குடுத்தேன்” என்றேன்.

அவர் கை என் முதுகில் அப்படியே நின்றது. பறவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் பஸ் ஏற்றிவிடும்வரை என்கூடவே வந்தார், மழைக்குக் குடை பிடித்தார், வழிக்குப் பழம் வாங்கிக் கொடுத்தார். டீச்சரைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.